தவிட்டில் போனதும் டப்பாவில் வந்ததும்

(செம்பரம்பாக்கத்தில் நம் அறக்கட்டளை நடத்திய மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இம்மேடையில் எனக்கு நாலடியாரோ நீலகேசியோதான் தலைப்பாக அமையும். இவ்வாண்டு நானே கேட்டுப் பெற்ற தலைப்பு 'இனோசிட்டால்'. செயலாளர் அதை இருமுறை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அழைப்பிதழில் 'உணவும் உடல்நலமும்' என்று அச்சிட்டுவிட்டார். அவர்மீது குறையில்லை. தமிழ் கற்பித்தவளுக்கு இந்தப் பொருளில் என்ன வேலை என்று கேளாமல் விட்டதே அவருடைய பெருந்தன்மை.

ஆனால், மருந்தின் பெயரை நூலுக்குச் சூட்டிய மரபு நம்முடையது. காரியாசான் தம் நூலுக்குச் 'சிறுபஞ்சமூலம்' என்று பெயரிட்டார். ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்து அது. கணிமேதாவியார் 'ஏலாதி' என்று பெயரிட்டார். ஏலம் முதலாகிய ஆறு சரக்குகளின் சூரணம் அது. இருவரும் சமணர். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்துக்கும் இடம் தந்தவர்கள் நம் முன்னோர். மருந்தைக் கொடுப்பது தானமென்றால், மருந்தல்லாததை மருந்தென்று நம்பி ஏமாறாமல் காப்பதும் அதன் ஒரு பகுதியே என்று கருதியே இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. சென்ற தீபாவளியன்று, பகவான் மகாவீரர் முக்தியடைந்த நன்னாள் வழிபாட்டை முடித்துக்கொண்டு உறவினர் வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். எனக்குத் தங்கை முறையாகும் அம்மையாரின் இல்லம். சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால், வெள்ளை டப்பா ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. "அது ஒன்றுமில்லை அக்கா, சின்னவளுக்கு முடி கொட்டுகிறது, சத்துப் பொடி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார். நான் விடைபெற்றுக் கிளம்பியபோது, அந்தச் சின்னவளே தெருமுனை வரை உடன் வந்தாள். அவளுக்கு வயது 23. "பெரியம்மா, அது முடிக்கு இல்லை. எனக்குப் பி.சி.ஓ.டி. இருக்கிறது. வரன் பார்க்கிற சமயத்தில் வெளியே தெரியக் கூடாது என்று அம்மா சொல்கிறார்" என்றாள்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவர் மெட்பார்மின் மாத்திரை கொடுத்திருக்கிறார். வயிற்றைப் புரட்டியதால் இரண்டே வாரத்தில் இவளாகவே நிறுத்திவிட்டாள். கைப்பேசியில் பார்த்த ஒரு படத்தில், 'இது இயற்கையானது, மாத்திரையே தேவையில்லை' என்று ஒருவர் இனோசிட்டாலைப் பரிந்துரைத்திருக்கிறார். முதலில் அதைக் கூட்டுக் குளிகையாக, அதாவது காப்ஸ்யூலாக வாங்கி ஆறு மாதம் விழுங்கியிருக்கிறாள். அதன் மேலுறை ஜெலட்டின் என்பதையும், ஜெலட்டின் என்பது மாட்டின் எலும்பிலும் விலங்குகளின் தோலிலும் இருந்து காய்ச்சி எடுக்கப்படுவது என்பதையும் பிறகுதான் படித்து அறிந்தாளாம். "ஆறு மாதம், தினம் இரண்டு வேளை, பெரியம்மா" என்றபோது அவள் குரல் உடைந்துவிட்டது. கிழங்கு தொடாத பெண். பொழுது சாய்ந்தபின் உணவு கொள்ளாத பெண். அறியாது நேர்ந்ததற்குப் பிரதிக்கிரமணம் இருக்கிறது, மனம் கலங்காதே என்று தேற்றினேன்.

அவள் என்னிடம் கேட்ட வினாக்கள் இரண்டு. இந்தப் பொடி உண்மையிலேயே பயன் தருமா? இதை நாம் உண்ணலாமா? எனக்கு விடை தெரியவில்லை. நம் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் துணையோடு சில மாதங்கள் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்கள்முன் வைக்கிறேன்.

1850ஆம் ஆண்டில் ஷெரர் என்னும் ஜெர்மானிய அறிஞர், தசையிலிருந்து இனிப்புச் சுவையுள்ள ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தசைநாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாக வைத்து அதற்குப் பெயரிட்டார். தசைச் சர்க்கரை என்று அதை அழைத்தவர்களும் உண்டு. இதைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். முதலில் கண்டது தசையில் என்றாலும், இன்று கடைக்கு வருவது தாவரத்திலிருந்து எடுக்கப்படுவது.

குளுக்கோசிலும் இனோசிட்டாலிலும் உள்ள அணுக்கள் ஒன்றே: கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. அவை அமைந்துள்ள முறைதான் வேறு. 'கதவு' என்னும் சொல்லில் உள்ள மூன்று எழுத்துகளையே இடம் மாற்றினால் 'தகவு' ஆகிறதல்லவா? எழுத்து அதேதான், பொருள் வேறு. அதுபோன்றே இதுவும். குளுக்கோஸ் எரிந்து ஆற்றல் தருகிறது. இனோசிட்டாலோ உயிரணுவின் சுவரில் இடம்பெற்றுச் செய்தி கடத்துகிறது. இதில் ஒன்பது வகை அமைப்புகள் உண்டு. கடை டப்பாக்களில் காணப்படுபவை மயோ இனோசிட்டால், டி-கைரோ இனோசிட்டால் என்னும் இரண்டு.

ஒரு காலத்தில் இதனை வைட்டமின் வரிசையில் சேர்த்து பி8 என்று எண் கொடுத்திருந்தார்கள். உடலே இதைச் செய்துகொள்கிறது என்று தெரிந்தபின் அந்தப் பட்டம் பறிபோயிற்று. நம் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து, குளுக்கோசிலிருந்தே நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் ஆக்குகின்றன. உணவின் வழியாக ஏறத்தாழ ஒரு கிராம் கிடைக்கிறது. பறிபோன பட்டத்தைச் சில டப்பாக்கள் இன்னும் விடாமல் அச்சிட்டுக் கொண்டிருக்கின்றன.

உணவில் அது எங்கே இருக்கிறது? முலாம்பழத்திலும் ஆரஞ்சிலும் எளிதில் உடலில் சேரும் வடிவில் இருக்கிறது. பயறு, பருப்பு, எள், தானியம் ஆகியவற்றில் பெரும்பாலும் பைட்டிக் அமிலமாக இருக்கிறது. இனோசிட்டால் வளையத்தின் ஆறு முனைகளிலும் ஆறு பாஸ்பேட்டுகள் பூட்டப்பட்ட பொருள் அது. முளைக்கும் நாளில் பயன்பட வேண்டும் என்று விதை சேர்த்து வைக்கும் கட்டுச்சோறு. நெல்லில் இந்தக் கட்டுச்சோறு வெள்ளை அரிசிக்குள் இல்லை, தவிட்டில் இருக்கிறது.

இனோசிட்டாலைத் தொழிற்சாலையில் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று தேடியபோது நான் சற்று நேரம் வாயடைத்துப் போனேன். அரிசித் தவிட்டிலிருந்தும், மக்காச்சோளம் ஊறிய நீரிலிருந்தும் எடுக்கிறார்கள்! அவற்றிலுள்ள பைட்டிக் பொருளைப் பிரித்து, அழுத்தத்தோடு கூடிய வெப்பத்தில் சிதைத்தால் இந்த வெண்பொடி கிடைக்கிறது. செங்குன்றத்து அரிசி ஆலைகளைப் பாராதவர் இங்கு எவருமிலர். அங்கே அரிசியை வெளுக்க வெளுக்கத் தீட்டுகிறோம். தவிட்டை எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்திற்கும் அனுப்புகிறோம். எங்கோ ஒரு தேசத்தில் எவரோ அதே தவிட்டைக் காய்ச்சி டப்பாவில் அடைத்து அனுப்ப, அதைப் பணம் கொடுத்து வாங்கிப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோம்.

இதைக் கேட்டு நாளை முதல் தவிட்டை அள்ளி உண்ணத் தொடங்கிவிடாதீர்கள். பைட்டிக் அமிலத்தை உடைக்கும் ஆற்றல் நம் குடலுக்கு மிகக் குறைவு. அது இரும்புச் சத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக் கொள்ளும். சோகை உள்ள பெண்களுக்கு அது நல்லதன்று. தானியத்தையும் பயற்றையும் ஊறவைத்தால் ஓரளவு உடையும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் மேலும் உடையும். இங்கேதான் நமக்கு ஒரு சிக்கல். முளைகட்டிய பயற்றை அனந்தகாயம் என்று விலக்குவோர் நம்மில் உண்டு. இரவு முழுதும் புளித்த மாவைத் தொடாத விரதிகளும் உண்டு. உணவு ஆலோசகர் 'முளைகட்டி உண்ணுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, நன்றாக வேகவைப்பது போதும். விரதத்தை விட்டுத்தான் உடலைப் பேண வேண்டும் என்பதில்லை.

இனி, இது உடலில் என்ன செய்கிறது என்பது. நம் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்வோம். ஏரியில் 24 அடி நீர் நிற்கிறது. கீழே வயல் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடை திறந்தால்தானே நீர் பாயும்? இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் தசை பட்டினி கிடப்பது இப்படித்தான். கணையம் அனுப்பும் இன்சுலின் என்பது மடையைத் திறக்கச் சொல்லும் உத்தரவு. அந்த உத்தரவு உயிரணுவின் வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே வருவதில்லை. வாசலில் வந்த செய்தியை உட்புறம் எடுத்துச் சென்று மடையைத் திறக்கச் செய்யும் ஆள், உயிரணுச் சுவரின் உட்பக்கத்தில் இருக்கிற இனோசிட்டால் சேர்ந்த கொழுப்புப் பொருள். இன்சுலின் வந்ததும் அதன்மீது ஒரு பாஸ்பேட் ஏறுகிறது. அதுவே உள்ளே அடையாளமாகிறது. குளுக்கோசுக்கான வாயில்கள் மேலெழுந்து வருகின்றன.

ஏரிப் பாசனம் நடந்த காலத்தில், மடை திறந்து வயல்களுக்கு நீரைப் பங்கிடும் ஊர்ப் பணியாளருக்கு 'நீர்க்கட்டி' என்று பெயர். இனோசிட்டால் நம் உடலின் நீர்க்கட்டி. அந்தப் பெண்ணுக்கு வந்த நோயையும் தமிழில் 'சினைப்பை நீர்க்கட்டி' என்றுதான் சொல்கிறோம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. உண்மையில் நோய்க்கு அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது. 1935இல் சிகாகோ மருத்துவர்களான ஸ்டைனும் லெவந்தாலும் இதைப்பற்றி எழுதியபோது சினைப்பையில் கண்ட நீர்ப்பைகளை வைத்துப் பெயர் நிலைத்துவிட்டது. அவை கட்டிகளே அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன சினைமுட்டை உறைகள். 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டு, அறுவை சிகிச்சை, புற்றுநோய் என்றெல்லாம் அஞ்சிய தாய்மார்களை ஆசிரியப் பணியில் நான் பார்த்திருக்கிறேன். மொழியாசிரியை என்ற முறையில் எனக்கு இந்தப் பெயர்மீது தீராத மனக்குறை உண்டு.

கட்டி அன்று என்றால் நோய் எது? செய்தி உள்ளே சரியாகச் சேராதபோது, கணையம் மேலும் மேலும் உத்தரவுகளை அனுப்புகிறது. இரத்தத்தில் இன்சுலின் பெருகுகிறது. பெருகிய இன்சுலின், ஆண்களுக்குரிய இயக்குநீரை அளவுக்கு மீறிச் சுரக்கும்படி சினைப்பையைத் தூண்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, தலையில் முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது. இந்த நிலை உள்ள பெண்கள் பலருக்கு இன்சுலின் சரிவர வேலை செய்யாமையே அடிநிலைக் கோளாறு. குழந்தைப்பேற்றுக் காலத்தில் உள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இந்நிலை இருக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. இந்த மண்டபத்தில் இளம்பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒளித்து வைத்த டப்பா ஒரு வீட்டில் மட்டும் இருக்காது.

அப்படியானால் இனோசிட்டாலை வெளியிலிருந்து கொடுத்தால் மடை திறந்துவிடாதா? ஆய்வாளர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். 1999இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த சிறிய ஆய்வொன்று டி-கைரோ வகையைக் கொடுத்து நம்பிக்கையூட்டும் முடிவைச் சொன்னது. அதன்பின் இத்தாலியில் மயோ வகையை வைத்துப் பல ஆய்வுகள் நடந்தன. இரத்தத்தில் இவ்விரண்டும் ஏறத்தாழ 40க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. ஆகவே அதே விகிதத்தில் கலந்து விற்கத் தொடங்கினார்கள். டி-கைரோ மட்டும் மிகுதியாகச் சென்றால் சினைமுட்டைக்கே ஆகாது என்று எச்சரிக்கும் ஆய்வாளர்களும் உள்ளனர். கலவைக்கு அளவே உயிர் என்பது ஏலாதி மரபினருக்குப் புதிதா என்ன? அந்தச் சூரணத்தில் ஏலம் ஒரு பங்கு என்றால் சுக்கு ஆறு பங்கு; அளவு பிறழ்ந்தால் அது ஏலாதி ஆகாது. கடையில் நான் பார்த்த டப்பாக்களில் 40க்கு 1 இருந்தது, 3.6க்கு 1 இருந்தது. விகிதமே போடாததும் இருந்தது.

2023ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில், உலகின் பல நாட்டு வல்லுநர்கள் கூடி இந்த நோய்க்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார்கள். இனோசிட்டால் பற்றி அவர்கள் சொன்னதன் சாரம் இது: பெண் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், தீங்கு குறைவு, சர்க்கரை, இன்சுலின் போன்ற அளவுகளில் சிறிது முன்னேற்றம் வரக்கூடும், ஆனால் கருமுட்டை வெளிப்படுதல், முடி வளர்ச்சி, உடல் எடை ஆகியவற்றில் பெரிய பயன் காணப்படவில்லை. இன்ன வகை, இன்ன அளவு, இன்ன கலவை என்று பரிந்துரைக்கப் போதிய சான்றும் இல்லை. வயிற்றுச் சுற்றளவுக்கும் முக முடிக்கும் இதைவிட மெட்பார்மினையே கருதவேண்டும். மெட்பார்மினுக்கு வயிற்றுத் தொல்லை சற்று மிகுதி என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. 2025இல் நெதர்லாந்து நாட்டில், இந்நோய் உள்ள 400க்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களிடம் மயோ இனோசிட்டாலைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை, இரத்த அழுத்தம், குறைப்பிரசவம் ஆகியவை அதனால் குறையவில்லை.

ஏரி உவமையிலேயே இதற்கும் விளக்கம் கிடைக்கிறது. நீர்க்கட்டி இல்லாமைதான் குறை என்றால், ஆளை அனுப்பினால் வயல் நனையும். வாய்க்காலே தூர்ந்து கிடந்தால் எத்தனை ஆளை அனுப்பி என்ன? உழைப்பில்லாத தசையும் வயிற்றில் சேர்ந்த கொழுப்பும் அந்த வண்டல். பொடி தூர்வாராது.

'மாத்திரை செயற்கை, பொடி இயற்கை' என்ற பேச்சுக்கும் ஒரு சொல். மெட்பார்மினின் பூர்வீகமும் ஒரு செடிதான்; ஐரோப்பாவில் நீரிழிவுக்கு வழங்கிய ஒரு மூலிகையை ஆராய்ந்ததன் வழியே வந்தது அது. தவிட்டைத் தொழிற்சாலையில் காய்ச்சி எடுத்த பொடி இயற்கை என்றால் இதுவும் இயற்கையே. ஆகவே பெயரைப் பார்த்து எதையும் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம்.

நம்மில் மூத்தோர் சிலர், பேத்திக்கு வாங்கியதைத் தாமும் ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவருக்குத் தெரியாமல் இதைச் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும் வாய்ப்புண்டு. மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் எடுத்தாலோ அதைவிடக் கேடு. மனநலத்திற்காக லித்தியம் எடுத்துக்கொள்பவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேட்கவேண்டும். அளவு மீறினால் குமட்டலும் வாயுவும் பேதியும் வரும்.

இனி இரண்டாம் வினா. பொடி தாவரப் பொருள். அதில் நமக்குத் தடையில்லை. டப்பாவில் அது மட்டுமா இருக்கிறது? கூட்டுக் குளிகையின் உறை ஜெலட்டினா, தாவர நாரிலிருந்து செய்ததா என்று பார்க்கவேண்டும். வைட்டமின் டி3 சேர்ந்திருந்தால், அது பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருவது; பாசி வகையிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. மாத்திரையின் பளபளப்பு அரக்குப் பூச்சியின் அரக்காக இருக்கலாம். சிவப்பு நிறம் பூச்சியை அரைத்து எடுத்த கார்மைனாக இருக்கலாம். துணையுணவு என்ற பெயரில் விற்கும் டப்பாக்களில் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் சைவம். பழுப்புச் சதுரத்துள் பழுப்பு முக்கோணம் அசைவம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்ற வாசகமும் இருக்கவேண்டும். அந்த வாசகத்தைத் தான் எவரும் படிப்பதில்லை! மருந்துக் கடையில் அட்டையாகத் தரும் மாத்திரைகளுக்குப் பச்சைக் குறி கட்டாயமில்லை. வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நாம் கேட்கக் கேட்கத்தான் தாவர உறை பரவலாகும்.

உயிர் காக்கும் மருந்துக்கு மாற்று இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது பெரிய வினா. முனிவர்களிடமும் பெரியோரிடமும் கேட்க வேண்டியது. இனோசிட்டாலைப் பொறுத்தவரை அந்தத் தர்மசங்கடம் எழவே இல்லை. பொடியாகவே கிடைக்கும்போது விலங்கின் எலும்பில் பொதிந்து விழுங்க வேண்டிய தேவை யாருக்கு?

எவரும் விற்காத ஒரு மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதற்கான ஆதாரம் நம் சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டுகள் கவனித்தார்கள். 2006இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்குள் விழுந்துவிட்டார்கள். நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39 பேர். மெட்பார்மின் மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ 40 பேர். இரண்டையும் செய்தவர்களில் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை. நாள்தோறும் அரைமணி நடை ஒரு மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கிறது! இதே சென்னை நகரின் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட கணக்கில், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு உள்ளது.

நமக்கு இரவுண்ணாமை இருக்கிறதே, நமக்கு ஏன் வரவேண்டும் என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். 2018இல் அமெரிக்காவில், பிற்பகல் மூன்று மணிக்குள் உணவை முடித்துக்கொள்ளச் சொல்லி ஓர் ஆய்வு நடந்தது. எடை குறையாதபோதும் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் எட்டே பேர். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு நம் விரதத்திற்கு அறிவியல் முத்திரை குத்த நான் துணியமாட்டேன். நம் விரதம் உயிர்களுக்காக ஏற்றது. உடல்நலம் கிடைத்தால் அது உபரி. மேலும், பொழுதுசாயும் முன் உண்கிறோம் என்பது சரி, எதை உண்கிறோம்? மாலை ஐந்து மணிக்கு மலைபோல் வெண்சோறு, கூட்டு ஒரு கரண்டி, மேலே இனிப்பு. கிழங்கை விலக்கினோம், அந்த இடத்தைக் காயால் நிரப்பினோமா, சோற்றால் நிரப்பினோமா? என் இலையையும் சேர்த்தே கேட்கிறேன். பாதி தீட்டிய அரிசி, வரகு, சாமை, கொண்டைக்கடலை, பயறு, கீரை இவற்றுக்கு எந்த விரதமும் குறுக்கே நிற்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். தை மாதத்தில் அவளையும் அவள் தாயாரையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். தாயாரை இணங்க வைக்கத்தான் நாளாயிற்று. "அக்கா, நம் சனங்களே சில ஆயிரம் குடும்பம். ஒரு வீட்டில் தெரிந்தால் எல்லா வீட்டிலும் தெரிந்துவிடும்" என்று அவர் சொன்னதை என்னால் மறுக்க இயலவில்லை. உண்மைதான். அதனால்தான் இதை மேடையில் பேச நினைத்தேன். அவர்கள் இருவரின் இசைவோடுதான் பேசுகிறேன்.

வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை சரியாகவே இருந்தது. குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 152. நீரிழிவின் வாசற்படி. ஒல்லியான பெண்! இந்நோய் உள்ளவர்களுக்கு வயதும் எடையும் எதுவாயினும், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்க்கவேண்டும் என்றும், இந்தக் கரைசல் சோதனையே துல்லியமானது என்றும் அந்த வழிகாட்டு நெறி சொல்கிறது. ஆறு மாதம் குளிகையும் அதன்பின் பொடியும் எடுத்த காலத்தில் அவள் இதைப் பார்க்கவே இல்லை. பொடியில் எனக்குள்ள பெரிய கவலை இதுதான். பொடி கெடுதல் செய்யாது. 'ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்' என்ற நிம்மதி கெடுதல் செய்யும்.

பள்ளி செல்லும் பெண்களைப் பெற்றவர்களுக்கு வேறொன்று. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகள் மாதவிலக்கு முன்பின்னாக இருப்பது இயல்பு. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேன் படத்தை வைத்து இந்நோய் என்று முடிவு செய்யக்கூடாது என்கிறார்கள். பதினான்கு வயதுக் குழந்தைக்கு ஸ்கேனைக் காட்டி எவராவது டப்பாவை நீட்டினால், வேறொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

நம் பெண்ணுக்கு மருத்துவர் மெட்பார்மினை மீண்டும் தொடங்கினார். குறைந்த அளவில், உணவோடு. இம்முறை வயிறு புரட்டவில்லை. பொடியைத் தொடர விரும்பினால் தொடரட்டும், கையைக் கடிக்காத வரையில், என்று சிரித்துக்கொண்டே சொன்னார். காலையில் தாயும் மகளுமாக ஏரிக்கரைப் பக்கம் நடக்கிறார்கள். மூன்று மாதமாய் வராத மாதவிலக்கு இப்போது நாற்பது நாளுக்கு ஒருமுறை வருகிறது. மாத்திரையாலா, நடையாலா, பொடியாலா? மருத்துவரே அறுதியிட்டுச் சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்வேன்? வரன் ஒன்று வந்திருக்கிறது. பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் விருப்பம். தாயார் இன்னும் யோசிக்கிறார். பிள்ளையைப் பெற்றவர்கள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு பெண் அப்படி வந்து சொன்னால் என்ன விடை சொல்வீர்கள் என்பதை இன்று வீட்டில் பேசிப் பாருங்கள். தந்தைக்கும் பாட்டனாருக்கும் சர்க்கரை உள்ள பிள்ளைக்குப் பெண் தேடும்போது, அதை நாம் யாரிடமும் மறைப்பதுகூட இல்லை. அது ஒரு செய்தியாகவே கருதப்படுவதில்லை. அதே குடும்பத்துக் கோளாறு பெண்ணிடம் வந்தால் மட்டும் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் போகிறது.

பொழுது சாய்வதற்குள் பந்தி முடியவேண்டும் என்று நிர்வாகிகள் சைகை காட்டுகிறார்கள். வீட்டில் உள்ள டப்பாக்களையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துவரும்படி முன்பே சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் உள்ள மேசைக்கு வாருங்கள். நம் மருத்துவரும் நானும் அங்கே இருப்போம், சேர்ந்து படிப்போம். மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம், எழுத்து மிகவும் பொடி.